கிழவரின் இருமலும் நடனக்காரியின் கண்ணாடியும்

வாங் சி-யாங் என்ற கிழவருக்கு நாள்பட்ட இருமல். சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் சொந்த வீடு, கையில் தாராளமாகப் பணம். ஆங்கிலம் மட்டும் கிடையாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டச் சொல்லி மைத்துனி நச்சரிக்கிறாள். அவர் அசைந்துகொடுப்பதில்லை. இருமுவதில் அவருக்கு ஒரு சுகம் இருக்கிறது. பணத்தை பேங்கில் போடச் சொன்னாலும் கேட்பதில்லை, வீட்டிலேயே வைத்திருக்கிறார். மூத்த மகன் வாங் டா படித்து முடித்தும் படிப்புக்கேற்ற வேலை அமையாமல், கட்டிக்கொள்ளப் பெண்ணும் அமையாமல் தவிக்கிறான். 1957இல் வெளியான சி.ஒய். லீயின் 'ஃபிளவர் டிரம் சாங்' நாவல் இந்த வீட்டுக்குள்தான் நடக்கிறது. வீட்டின் மூச்சே கிழவரின் இருமல்தான்.

நாலே வருஷத்தில் அதே பெயரில் ஹாலிவுட் படம் வந்தது. படம் பார்த்தவர்கள் மறக்காதது, குளித்துவிட்டுத் துண்டோடு மூன்று கண்ணாடிகளுக்கு முன் நின்று, பெண்ணாய்ப் பிறந்ததைக் கொண்டாடிப் பாடும் நைட் கிளப் நடனக்காரியை. கிழவரும் இருக்கிறார், ஆனால் அவர் வீடு இப்போது மற்றவர்கள் ஆடிப் பாடுவதற்கான இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிராட்வே இசை நாடகம். நாற்பது ஆண்டு கழித்து அந்த நாடகத்தையே பிரித்துக் கட்டிய இன்னொரு நாடகம். ஒரு கதை இத்தனை கை மாறினால் என்னவாகும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லீயே ஓடிவந்தவர்தான். ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர். ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில் பர்மா எல்லையில் மாங்ஷி என்ற சிற்றரசின் மன்னருக்குச் செயலாளராக இருந்தார். 1943இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்து படித்து 1947இல் பட்டம் வாங்கினார். சீன எழுத்தாளர் எழுதும் நாடகத்துக்கு அங்கே யாரும் காத்திருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் கியர்னி தெருவில், ஒரு ஃபிலிப்பினோ நைட் கிளப்புக்கு மேலே அறை எடுத்துத் தங்கி, சைனா டவுன் பத்திரிகைகளுக்குப் பத்தி எழுதிப் பிழைத்தார். நாட்டில் தங்க அனுமதி கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு சிறுகதைப் போட்டியில் பரிசு விழுந்து ஆளைக் காப்பாற்றியது.

ஒவ்வொரு பதிப்பகமாக நாவலைத் திருப்பி அனுப்பியது. கடைசியாகப் போன இடத்தில் நடந்ததை லீ பின்னாளில் பேட்டிகளில் சொல்வதுண்டு. கையெழுத்துப் பிரதியை ஒரு முதியவரிடம் கருத்துக் கேட்டு அனுப்பினார்களாம். அவர் அதைப் படித்து முடித்துப் படுக்கையிலேயே இறந்துபோயிருந்தாராம். பக்கத்தில் கிடந்த பிரதியின் மேல், இதைப் படியுங்கள் என்ற பொருளில் இரண்டு வார்த்தை எழுதியிருந்ததாம். இவ்வளவு கச்சிதமான கதை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் சொன்னவர் நாவலாசிரியர், அவருக்கு அந்த உரிமை உண்டு. புத்தகம் ஃபரார், ஸ்ட்ராஸ் அண்ட் கடாஹி வெளியீடாக வந்து நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட் செல்லர் பட்டியலிலும் ஏறியது.

வாங் டாவுக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை? அதற்குக் காரணம் அவனல்ல, சட்டம். 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடைசெய்தது. ஒரு நாட்டுக்காரரைப் பெயர் சொல்லித் தடுத்த சட்டம். ஏற்கெனவே வந்திருந்த ஆண்கள் மனைவியை அழைத்துவர முடியாமல், துணி வெளுத்தும் சமைத்தும் தனியாகக் கிழடாகிப்போனார்கள். சைனா டவுன் என்பது பெரும்பாலும் ஆண்களின் ஊர். இரண்டாம் உலகப் போரில் சீனா நேச நாடாகிவிட்டதால் 1943இல் தடையை நீக்கினார்கள். நீக்கிவிட்டு வைத்த ஒதுக்கீடு, ஆண்டுக்கு 105 பேர். லீயின் நாவலில் ஆண்கள் வரிசையில் நிற்பதும், லிண்டா டங் மாதிரி அழகான பெண்கள் அந்த வரிசையை இஷ்டம்போல ஆட்டிவைப்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

அதே கணக்கின் மறுபக்கம் ஹெலன் சாவோ. தையல் வேலை செய்பவள், அம்மைத் தழும்பு விழுந்த முகம். பெண்ணே கிடைக்காத ஊரிலும் இவளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வாங் டாவிடம் மனதைக் கொடுக்கிறாள். அவன் ஒதுங்கிக்கொண்டதும் கடலில் விழுந்து சாகிறாள். நாவலில் என்னை நிறுத்திவைத்த இடம் இது. சைனா டவுனைப் பார்க்க வரும் டூரிஸ்டுக்கு இவள் கண்ணில் படப்போவதில்லை. இந்தக் கதையின் பயணத்தை அளக்க வேண்டுமென்றால் ஹெலனைப் பின்தொடர்ந்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

நாவல் மேடைக்குப் போன விதமும் லீ சொன்னதுதான். ஒரு சினிமாக் கம்பெனி முழு உரிமைக்கும் 50,000 டாலர் தருவதாகச் சொன்னது. நாடக ஆசிரியர் ஜோசப் ஃபீல்ட்ஸ் மேடை உரிமைக்கு முன்பணமாக 3,000 மட்டும் தருவதாகச் சொன்னார். எதை எடுப்பது என்று புரியாமல் லீ அன்றிரவு நன்றாகக் குடித்திருக்கிறார். காலையில் ஏஜென்ட் கூப்பிட்டு, துணிச்சலான முடிவு எடுத்தீர்கள் என்று பாராட்டினாராம். ராத்திரி போதையில் போன் செய்து மூவாயிரத்தை எடுக்கச் சொன்னது லீக்கு ஞாபகமே இல்லை. ஃபீல்ட்ஸ் கதையைக் கொண்டுபோன இடம் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் கூட்டணி. 'ஒக்லஹோமா', 'சௌத் பசிஃபிக்', 'தி கிங் அண்ட் ஐ' என்று அமெரிக்க இசை நாடகத்தையே ஆண்டுகொண்டிருந்த இரட்டையர். அதற்கு மேல் லீக்கு வேறென்ன வேண்டும்!

ஹாமர்ஸ்டைன் அப்போது உடம்பு சரியில்லாமல் இருந்தவர். அவரும் ஃபீல்ட்ஸும் நாவலைத் தலைகீழாக்கினார்கள். நடுவில் இருந்த அப்பா ஓரத்துக்குப் போனார், பிள்ளைகளின் காதல் நடுவுக்கு வந்தது. சீனாவிலிருந்து அப்பாவோடு வந்து இறங்கும் மே லீ, நைட் கிளப் முதலாளி சாமி ஃபாங்குக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். படத்தைப் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம். சாமிக்கோ தன் கிளப்பில் ஆடும் லிண்டா லோமீதுதான் கண். லிண்டாவை வாங் டா விரும்புகிறான், மே லீக்கு வாங் டாவைப் பிடித்துவிடுகிறது. யார் யாரைக் கட்டிக்கொள்வது என்ற இந்தச் சிக்கலை சபா நாடகம் பார்த்துப் பழகிய நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஹெலன்? தழும்பு போயிற்று, தற்கொலை போயிற்று. பதிலுக்கு நாடகத்தின் மிகச் சிறந்த பாட்டை அவளுக்குக் கொடுத்தார்கள். 'லவ், லுக் அவே' என்ற அந்தப் பாட்டை அரபெல்லா ஹாங் பாடினார். லிண்டா கிளப்பில் ஆடுவதைப் பார்த்து நொந்துபோன டா குடித்துவிட்டு ஹெலன் வீட்டில் இரவைக் கழிக்கிறான். மறுநாள் தையலுக்குத் துணி கொண்டுவரும் மே லீ அங்கே அவன் கோட்டைப் பார்த்துவிடுகிறாள். ஹெலனின் வேலை அத்தோடு முடிந்தது. அதன்பிறகு அவள் என்ன ஆனாள் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. ஒரு பெண்ணைக் கடலில் தள்ளுவது கொடுமைதான், பாட வைத்துவிட்டு மறந்துபோவதும் சாதாரணக் கொடுமை இல்லை.

நடிகர் தேர்வுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. சீனர்களைப் பற்றிய நாடகம், சீன நடிகர்கள் பிராட்வேயில் கிடையாது. ஏனென்றால் அவர்களுக்கு அங்கே வேலையே இருந்ததில்லை. மே லீயாக மியோஷி உமேகி, ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்தவர். 1958 மார்ச்சில்தான் 'சயோனாரா' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் ஆசியப் பெண். லிண்டா லோவாக பாட் சுசுகி, கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். வாங் டா, ஹவாய்க்காரரான எட் கென்னி. மைத்துனி மேடம் லியாங் வேஷத்தில் ஹுவானிட்டா ஹால் என்ற கறுப்பினப் பாடகி. சாமி ஃபாங்காக லாரி பிளைடன், வெள்ளைக்காரர், மேக்கப் போட்டுச் சீனரானவர். இயக்கம் ஜீன் கெல்லி. பார்ப்பவர்களுக்குச் சீனர்கள் என்ற மயக்கம் ஏற்பட்டால் போதும் என்ற பொருளில் ராட்ஜர்ஸ் பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்க வைக்கும். ஆனால் மேடையில் அத்தனை ஆசிய முகங்களை ஒருசேர நிறுத்தி, அவர்களைக் கூலிகளாகவும் வில்லன்களாகவும் காட்டாமல் அப்பா, பிள்ளை, காதலி என்று காட்டிய நாடகம் பிராட்வேயில் அதற்கு முன் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபர்பிடன் சிட்டி' என்று நிஜமாகவே ஒரு நைட் கிளப் இருந்தது. சார்லி லோ என்பவர் 1938இல் தொடங்கியது. ஆசியக் கலைஞர்கள் ஆடிப் பாட, வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள். நாடகத்துக்கு ஆள் தேடியவர்கள் அங்கே ஒரு காமெடியனைப் பிடித்தார்கள். ஜாக் சூ என்று சீனப் பெயர். உண்மைப் பெயர் கோரோ சுசுகி, ஜப்பானிய அமெரிக்கர். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தபோது யூட்டாவின் டோபாஸ் முகாமில் இருந்தவர். பாட் சுசுகி அப்போது சிறுமி, கொலராடோவின் அமாச்சே முகாமில். பிராட்வேயில் இவர்கள் இருவரும் அமெரிக்க வாழ்வின் சந்தோஷத்தைச் சீனர்களாகப் பாடினார்கள். ஹாமர்ஸ்டைன்கூட இப்படி ஒரு முரணை எழுதியிருக்க மாட்டார்.

வாங் சி-யாங் வேஷத்தில் கீ லூக். 1930, 40களில் சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் படங்கள் வரிசையாக வந்தன. சார்லி சானாக நடித்தது வார்னர் ஓலண்ட், சிட்னி டோலர் போன்ற வெள்ளைக்காரர்கள், மகன்களாக நடித்தவர்கள் மட்டும் சீனர்கள். கீ லூக் அதில் மூத்த மகன். பின்னால் சினிமாவில் வாங் சி-யாங்காக நடித்த பென்சன் ஃபோங் இன்னொரு மகன், கிளப் காமெடியனாக வந்த விக்டர் சென் யங் மற்றொருவர். பொய் அப்பாவுக்குப் பிள்ளைகளாக இருந்தவர்களில் இரண்டு பேர் கடைசியில் இந்தக் கதையில் அப்பாவானார்கள்.

1958 டிசம்பர் 1 அன்று செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் திரை உயர்ந்தது. அதே மாதம் டைம் இதழின் அட்டையில் உமேகியும் சுசுகியும் சிரித்தார்கள். விமர்சகர்கள் ரொம்ப உருகவில்லை, மக்கள் வந்தார்கள். 600 காட்சிகள். 1960இல் லண்டனிலும் 464 காட்சிகள். வெற்றிதான், இரட்டையரின் பெரிய வெற்றிகளில் ஒன்றல்ல.

நாடகத்தின் முடிச்சு அவிழும் இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மே லீயும் அப்பாவும் முறையான அனுமதியில்லாமல் கப்பலில் வந்து இறங்கியவர்கள். சாமியோடு செய்த திருமண ஒப்பந்தத்தை முறிக்க வழி தெரியவில்லை. மே லீ ராத்திரி டிவியில் ஒரு படம் பார்க்கிறாள். அதில் எல்லை தாண்டி வந்த மெக்சிகோ பெண் ஒருத்தி, தான் திருட்டுத்தனமாக நுழைந்தவள் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆற்றைக் கடந்து வருபவர்களை அமெரிக்காவில் முதுகு நனைந்தவர்கள் என்று இளக்காரமாகச் சொல்வார்கள். மே லீ அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வேளையில் எல்லோர் முன்னிலையிலும் தன் முதுகும் நனைந்ததுதான் என்கிறாள். சட்டவிரோதமாக வந்த மருமகள் வேண்டாம் என்று சாமியின் அம்மா பின்வாங்க, ஜோடிகள் சரியாகின்றன. கைதட்டல்.

இதே காலத்தில் நிஜ சைனா டவுனில் என்ன நடந்தது? தடைச்சட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள், அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை என்று பொய்க் காகிதம் காட்டி நுழைந்திருந்தார்கள். காகித மகன்கள். 1956இல் அரசு ஓர் ஒப்புதல் திட்டத்தைக் கொண்டுவந்தது. உண்மையைச் சொன்னால் பார்த்துக்கொள்கிறோம் என்பது பேச்சு. ஒருவர் வாய் திறந்தால் அதே குடும்பப் பெயரில் வந்த அத்தனை பேரும் மாட்டுவார்கள், கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு என்று சந்தேகம் விழுந்தவர்களுக்கு நாடு கடத்தலும் உண்டு. வீட்டுக்குள் அப்பாவின் நிஜப் பெயரைக்கூட உரக்கச் சொல்லப் பயந்த வருஷங்கள். மே லீ சிரித்துக்கொண்டே சொல்லித் தப்பித்த அதே வாக்கியம் கியர்னி தெருவில் ஒரு குடும்பத்தையே கலைக்கக்கூடியது. தங்கும் அனுமதிக்காக லீ பட்ட பாட்டை நினைத்தால், மேடையில் அதைக் கேட்டபோது அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

படம் 1961 நவம்பரில் வந்தது. யுனிவர்சல் தயாரிப்பு, ராஸ் ஹன்டர் தயாரிப்பாளர், ஹென்றி கோஸ்டர் இயக்குநர். ஹாமர்ஸ்டைன் அதைப் பார்க்கவில்லை, 1960 ஆகஸ்டிலேயே போய்விட்டார். தெருக்களையே ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள், பளபளப்புக்குக் குறைவில்லை. டைட்டிலுக்கு ஓவியர் டாங் கிங்மன் வரைந்த நீர்வண்ணப் படங்கள் இருக்கின்றன. அந்த சில நிமிஷங்களில் தெரியும் சான் பிரான்சிஸ்கோ, பின்னால் வரும் செட்டைவிட உயிரானது. லிண்டாவாக நான்சி குவான், ஹாங்காங்கில் பிறந்தவர், சீன அப்பா, ஆங்கிலேய அம்மா. அந்தக் கண்ணாடிப் பாட்டில் ஒரு லிண்டா நிற்க, கண்ணாடிக்குள் இருக்கும் லிண்டாக்கள் வேறு வேறு உடைகளில் தனித்தனியே ஆடுகிறார்கள். குரல் அவருடையதல்ல, பி.ஜே. பேக்கர் பாடியது. ஆனாலும் ஆசியப் பெண் ஒருத்தி திரையில் தன்னைத் தானே ரசித்துக்கொண்டு நிற்பது அன்றைய ஹாலிவுட்டில் புதுசு.

மேடம் லியாங் வேஷத்துக்கு முதலில் பேசப்பட்டவர் அன்னா மே வாங், ஹாலிவுட்டின் முதல் சீன அமெரிக்க நட்சத்திரம். சீன நாயகி பாத்திரங்கள் மஞ்சள் மேக்கப் போட்ட வெள்ளைக்காரிகளுக்கே போனதைக் கண்ணால் பார்த்து அலுத்தவர். 1961 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துபோனார். மறுபடி ஹுவானிட்டா ஹாலே வந்தார். மேடம் லியாங் குடியுரிமை பெற்றதைக் கொண்டாடும் விருந்தில் 'சாப் சூயி' பாட்டைத் தொடங்கிவைப்பது அவர்தான். அமெரிக்கா என்பது எல்லாம் கலந்த கூட்டுக்கறி என்கிற பாட்டு. கறுப்பினப் பெண் ஒருத்தி சீனப் பெண்ணாகி, அமெரிக்கக் குடிமகளானதற்காக ஆடுகிறாள். கறுப்பர்களுக்கான சிவில் உரிமைச் சட்டம் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. படத்தில் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஹெலனாக ரெய்கோ சாட்டோ. நடனக்காரர், பாட்டு அவருக்கு வராது. இளம் ஓபரா பாடகி மரிலின் ஹார்ன் குரல் கொடுத்தார். அந்தப் பாட்டைச் சுற்றி ஹெர்மிஸ் பான் ஒரு நீண்ட கனவு நடனம் அமைத்தார். சாட்டோ அற்புதமாக ஆடுகிறார். ஆக ஹெலனுக்கு இப்போது உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, கதை மட்டும் இல்லை.

ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள், விருது ஒன்றுமில்லை. அதைவிடக் கனமான விஷயம் பிறகுதான் தெரிந்தது. பெரிய ஸ்டுடியோ ஒன்று ஆசிய அமெரிக்கர்களின் இன்றைய வாழ்க்கையை ஆசிய நடிகர்களைக் கொண்டே மறுபடி எடுக்க 1993 வரை ஆயிற்று, 'தி ஜாய் லக் கிளப்'. இடையில் வளர்ந்த ஆசிய அமெரிக்க இளைஞர்களுக்கு 'ஃபிளவர் டிரம் சாங்' என்றாலே எரிச்சல். கொஞ்சும் ஆங்கிலம், தலை குனிந்த மே லீ, கவர்ச்சிக்கு லிண்டா என்று அவர்கள் சொன்ன குற்றம் எதையும் மறுக்க முடியாது. நாவலும் அந்தக் கோபத்தோடு அச்சிலிருந்து மறைந்தது.

டேவிட் ஹென்றி ஹ்வாங் அந்தத் தலைமுறைக்காரர். 'எம். பட்டர்ஃபிளை' எழுதி 1988இல் டோனி விருது வாங்கியவர். நாடக உரிமை வைத்திருந்தவர்களிடம் போய், பாட்டுகளை வைத்துக்கொள்கிறேன், வசனத்தை முழுக்க மாற்றுகிறேன் என்று சம்மதம் வாங்கினார். ராட்ஜர்ஸ்-ஹாமர்ஸ்டைன் சொத்தில் இப்படிக் கைவைக்க விட்டது அபூர்வம். 2001இல் லாஸ் ஏஞ்சலஸ், 2002 அக்டோபரில் பிராட்வே. இந்த மே லீ, அப்பாவை மாவோவின் ஆட்சிக்குப் பறிகொடுத்துத் தப்பி வருகிறாள். வாங் பழைய பீக்கிங் ஓபரா கொட்டகை நடத்துகிறார், பார்க்க ஆளில்லை. மகன் அதையே ராத்திரியில் நைட் கிளப்பாக்குகிறான். பணம் கொட்ட ஆரம்பித்ததும் அப்பாவுக்கே மேடை ஆசை வந்துவிடுகிறது. தலைப்பில் இருக்கும் ஃபிளவர் டிரம்மை, அந்த மலர்ப்பறையை, மேடையில் மே லீ தூக்கி வரும்போது அதற்கு ஒரு பாரமும் வந்தது. அன்ஹுய் மாகாணத்தின் ஃபெங்யாங் பகுதியில், பஞ்சம் வந்தால் ஊரைவிட்டுக் கிளம்பி, சின்னப் பறை அடித்துப் பாடிப் பிச்சையெடுப்பார்கள். மலர்ப்பறைப் பாட்டு அவர்களுடையது. ஆதியிலேயே அது அகதிகளின் பாட்டு, 1958இல் அது அலங்காரமாக இருந்தது.

மே லீயாக லியா சலோங்கா. 'லவ், லுக் அவே' பாட்டை இப்போது அவர் பாடினார். ஹெலன் என்று ஒரு பாத்திரமே இல்லை. எல்லா அநியாயத்தையும் சரிசெய்ய வந்த நாடகத்திலும் தையல்காரிக்கு இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தல். மேடம் லியாங்காக நடித்த ஜோடி லாங்கின் அப்பா லாரி லியுங், 1958 நாடகத்திலேயே ஆடியவர். நாற்பத்து நாலு வருஷம் கழித்து மகளுக்கு அதே நாடகத்தில் வேஷம். விமர்சனங்கள் இரண்டு பக்கமும் இழுத்தன, 169 காட்சிகளோடு 2003 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஒரு நன்மை, அந்தச் சாக்கில் ஹ்வாங் முன்னுரையோடு பெங்குவின் நாவலை மறுபதிப்புச் செய்தது. ஹெலனை அதில் படிக்கலாம்.

2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் 'ஃபிளவர் டிரம் சாங்'கைச் சேர்த்தது. கதையைப் பார்த்துச் சேர்த்திருந்தால் நான் சண்டை போடுவேன். அந்த முகங்களுக்காக என்றால் சரி. நாலு வடிவங்களில் கதை மிக மெலிந்துபோனது சினிமாவில்தான். ஆனால் அதுதான் அத்தனை நடிகர்களை அழியாமல் வைத்திருக்கிறது, மேடையில் நடித்தவர்கள் டைம் அட்டையோடு போய்விட்டார்கள். லீ எதற்கும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 102 வயது வரை வாழ்ந்து 2018 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படம் வந்திருந்தது. 'ஜாய் லக் கிளப்'புக்குப் பிறகு அந்த வகையில் அடுத்தது அதுதான் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன.

நடித்தவர்களில் ஜாக் சூ சினிமாவில் சாமி ஃபாங் வேஷத்துக்கே உயர்ந்தார், பிறகு 'பார்னி மில்லர்' டிவி தொடரில் போலீஸ்காரராக வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். படத்தில் வாங் டாவாகப் பாடிக் காதலித்த ஜேம்ஸ் ஷிகெட்டாவுக்கு நல்ல குரல், நல்ல உயரம், கதாநாயகனுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. அதற்குப் பின் ஹாலிவுட் அவரைக் காதலிக்க வைத்த படங்கள் அரிது. நம்மில் பலர் அவரைப் பார்த்தே இருப்போம், யாரென்று தெரியாமல். 1988இல் வந்த 'டை ஹார்ட்' படத்தில், வில்லன் ரகசிய எண்ணைக் கேட்டு, கிடைக்காததும் தலையில் சுடுகிறானே, அந்த ஜப்பானியக் கம்பெனித் தலைவர் தகாகி, அவர்தான்.